ஏழாம் பாத்தியில் சாம்பல்

நுமாதாவுக்கு யாரையும் நம்புகிற வழக்கம் கிடையாது. கடையில் முட்டை வாங்கினால் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்ப்பாள். நாளைக்கு வெயில் என்று வானொலி சொன்னால் அன்றைக்குத்தான் குடையை எடுத்து வைப்பாள். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தவள் என்பதால் அவள் குணம் எனக்குப் பழகிவிட்டது. காலையில் போய் வணக்கம் சொன்னால்கூட, "என்ன வேணும் உனக்கு?" என்றுதான் பதில் வரும்.

இருவருக்கும் புல் ஆராய்ச்சி நிலையத்தில்தான் வேலை. நாட்டின் வடகிழக்குக் கோடியில், நெமுரோ என்ற ஊருக்கு மேற்கே, மாடும் மேய்ச்சல் நிலமும் விட்டால் பார்க்க வேறொன்றும் இல்லாத இடம். நான் டிராக்டர் ஓட்டுகிறேன். நுமாதா பாத்தி பாத்தியாகப் போய்ப் புல்லின் உயரத்தை அளக்கிறாள். புருஷனோடு சேர்ந்து நடத்திய பால் பண்ணையை மூடிவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். ஆண்டுதோறும் புதுப்பிக்கிற வேலை. வசந்தம் பிறக்கும் முன் நிலையத் தலைவர் கையெழுத்துப் போட்டால்தான் அடுத்த வருஷம் அவளுக்குச் சோறு.

அன்ஸாய்-சான் என்று நாங்கள் மரியாதையாகக் கூப்பிடும் அன்ஸாய், புதுப் புல் ரகங்களை உருவாக்குகிறவர். மெலிந்த மனிதர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். அவருடைய புல் திமோத்தி. மாட்டுக்கு அது என்றால் உயிர். எங்கள் குளிரையும் தாங்கும். ஆனால் சுத்தச் சோம்பேறி. பனி உருகியதும் ஊரில் உள்ள களையெல்லாம் எழுந்து முகம் கழுவி உட்கார்ந்த பிறகுதான் திமோத்தி கண் விழிக்கும். அதற்குள் வேர் ஓடிப் பரவும் களைப்புல் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். காசு கொடுத்து விதைத்த மேய்ச்சல் நாலு வருஷத்தில் களைக்காடு. அதனால் பனி போனதும் துள்ளி எழுகிற திமோத்தி ஒன்று வேண்டும் என்று பன்னிரண்டு வருஷமாக அவர் அதன் பின்னாலேயே அலைந்தார். பழைய மேய்ச்சல்களில் முதலில் பச்சை காட்டும் செடிகளைத் தோண்டி எடுத்து வருவார், ஒன்றோடொன்று கலக்க விடுவார், விதை எடுப்பார், அதில் மந்தமானதைக் கழிப்பார், மறுபடி விதைப்பார். அப்படி வந்து நின்றதுதான் ஏழாம் எண்.

இந்த வசந்தம் அதற்குக் கடைசிச் சோதனை. மற்ற ரகங்களை ஏழு முந்திவிட்டால் அதற்கு ஒரு பெயர் வைத்து விதையை விவசாயிகளுக்குக் கொடுப்பார்கள். முந்தாவிட்டால் ஆராய்ச்சியை மூடிவிட்டு அந்த நிலத்தில் மக்காச்சோளம் போடுவது என்று மேலிடத்தில் முடிவாகியிருந்தது. அடுத்த மார்ச்சில் அன்ஸாய்-சானுக்கு ஓய்வு. இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

வருஷக் கடைசி விருந்தில் இதைப் பற்றித்தான் பேச்சு. சாகே என்கிற அரிசி மது உள்ளே போனதும் நுமாதாவுக்கு வாய் நீண்டுவிட்டது.

"அன்ஸாய்-சான், நீங்க எதுக்கு மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு இருக்கீங்க? ஏழு எந்திரிக்கலன்னா நானே போய்க் காதைத் திருகி எழுப்பிவிடறேன்!"

எல்லோரும் சிரித்தோம். அன்ஸாய்-சான்தான் அதிகம் சிரித்தார். பொரித்த கோழித் துண்டு ஒன்றை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

பிப்ரவரியில் ஒரு நாள் நிலையத்து வாசலில் அவருடைய கார் பனியில் மாட்டிக்கொண்டது. சக்கரம் சுற்றுகிறதே தவிர வண்டி நகரவில்லை. நுமாதா தன் கார் டிக்கியிலிருந்து ஒரு மூட்டையை இழுத்து வந்து, வீட்டுக் கணப்புச் சாம்பலைச் சக்கரத்தடியில் அள்ளி அள்ளிப் போட்டாள்.

"புல்ல எழுப்பத் தெரியுது, காரை எழுப்பத் தெரியலையே உங்களுக்கு!"

"நீங்க இருக்கும்போது எனக்கு எதுக்குத் தெரியணும்?" என்றார் அவர்.

எங்கள் பக்கத்தில் சாம்பல் இல்லாத வீடு கிடையாது. மார்ச் வந்தால் வயலில் கரித்தூளும் சாம்பலும் தூவுவோம். கருப்பு வெயிலை இழுக்கும், பனி சில நாள் முன்னதாகக் கரையும். பனியில் கருப்பைத் தூவுவது எங்கள் ஊர்க்காரனுக்குப் பல் தேய்க்கிற மாதிரி. ஆனால் சோதனைப் பாத்திகளில் மட்டும் ஒரு பிடி விழக்கூடாது. ஒரு பாத்தியில் பனி முன்னால் போனால் அங்கே புல்லும் முன்னால் எழும். பிறகு எது புல்லின் கெட்டிக்காரத்தனம், எது சாம்பலின் கைங்கரியம் என்று யாராலும் பிரிக்க முடியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே எங்களுக்குச் சொல்லித் தரப்பட்டது இது.

நிலையத் தலைவர் ஹிசாகாவுக்கு அந்த முதல் நாள் பாடம் நடக்கவில்லை. அவர் சப்போரோ நகரத்தில் கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர். எங்கள் குளிர்காலத்தை முதல்முறையாகப் பார்க்கிறார். அவர் செய்த ஒரே மாற்றம் அலுவலகத்தில் எண்ணெய்க் கணப்பை எடுத்துவிட்டு விறகுக் கணப்பு வைத்ததுதான். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தன் கையால் பற்றவைப்பார். "இதை யாரும் தொடக்கூடாது, இது என் பொறுப்பு" என்பார் சின்னப் பிள்ளை மாதிரி. தொட எங்களுக்கும் ஆசையில்லை.

ஏப்ரலில் பனி மெலிந்தது. ஒரு நாள் காலை நுமாதா டிராக்டர் கொட்டகைக்கு வந்து என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். சோதனை நிலம் முழுக்க இன்னும் வெள்ளையாகத்தான் இருந்தது. மூன்று இடத்தில் மட்டும் பனியில் குழி விழுந்து தரை தெரிந்தது. ஒவ்வொரு ரகத்துக்கும் மூன்று பாத்தி, இங்கொன்றும் அங்கொன்றுமாக. குழி விழுந்த மூன்றிலும் நட்டிருந்த மரமுளையில் ஏழு என்று எழுதியிருந்தது.

"ஏழுதானா? பரவாயில்லையே" என்றேன் நான், சந்தோஷமாக.

"பரவாயில்லையா?" நுமாதா குனிந்து, போன வருஷத்துக் காய்ந்த புல் தாளைக் கிள்ளி என் உள்ளங்கையில் தேய்த்தாள். "இது என்ன?"

"மண்ணு."

"மண்ணு மாவு மாதிரியா இருக்கும்? மோந்து பாரு."

மோந்தேன். சாம்பல்தான்.

"காத்துல வந்திருக்கும்."

"காத்துக்கு எண் படிக்கத் தெரியுமாடா? மூணு பாத்தி. மூணும் ஏழு. பக்கத்துல எட்டாம் எண்ணுலயும் இல்ல, மூணாம் எண்ணுலயும் இல்ல."

மார்ச் காலைகளில் பனி இறுகிக் கல்லாகிவிடும். கரடி நடந்தாலும் தடம் விழாது. அந்த நேரத்தில் வேலியோ வரப்போ பார்க்காமல் எங்கு வேண்டுமானாலும் நடக்கலாம். அப்படி நடப்பதில் எங்கள் எல்லோருக்குமே ஆசைதான். அன்ஸாய்-சான் தினமும் நடப்பார், பாத்திகளைச் சுற்றி. அதன் பிறகு ஒரு கனத்த பனி விழுந்தது. யார் எதைப் போட்டிருந்தாலும் அது மூடிவிட்டிருக்கும்.

"அவரையா சொல்ற?" என்றேன்.

"நான் யார் பேரையும் சொல்லலயே. உன் வாயிலதான் வந்துச்சு."

அன்றிலிருந்து நுமாதா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவரையே பார்த்தாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நானும் பார்த்தேன். ஒருவர் மேல் சந்தேகம் வந்துவிட்டால் அவர் தும்மினால்கூட அதில் ஏதோ இருக்கிற மாதிரி தெரிகிறது. அன்ஸாய்-சான் கை கழுவ ஏன் இவ்வளவு நேரம்? ஏழாம் பாத்திக்குப் போனால் மட்டும் ஏன் எங்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறார்? ஒரு நாள் அவர் பாத்தியில் மண்டியிட்டு விரலால் எதையோ தடவிக்கொண்டிருந்தார். நான் வருவது தெரிந்ததும் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு எழுந்தார். துடைத்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. பன்னிரண்டு வருஷம் ஒரு புல்லுக்காக முதுகு வளைந்த மனிதர் கடைசியில் இப்படிச் செய்வாரா என்று ஒரு மனம் கேட்கும். பன்னிரண்டு வருஷம் வளைந்ததால்தான் செய்வார் என்று இன்னொரு மனம் சொல்லும்.

மே மாதத் தொடக்கத்தில் அளவெடுத்தோம். ஏழு எல்லா ரகத்துக்கும் மேலே ஒரு சாண் நின்றது. நுமாதா அளவுகோலைத் தரையில் குத்தி என்னைக் கூப்பிட்டாள்.

"இங்க பாரு. சாம்பல் எண் எழுதின மரமுளைப் பக்கந்தான் விழுந்திருக்கு. அந்த மறு ஓரத்துல துளி சாம்பல் இல்ல. நான் மண்ணைக் கிளறியே பார்த்துட்டேன். ஆனா அங்கயும் புல்லு அதே உயரம்."

"அதனால?"

"அதனால உரமும் போட்டிருக்காரு மனுஷன்! சாம்பல் எட்டாத இடத்துக்கு உரம். எவ்வளவு முன்யோசனை பாரு."

அது சரியாகத்தான் இருக்கும் என்று எனக்கும் பட்டது.

"தலைவர்கிட்ட சொல்லப் போறேன்" என்றாள் அவள்.

"கொஞ்சம் பொறு. கேட்டுப் பார்த்துட்டுச் சொல்லு."

"கேட்டா ஒத்துப்பாரா? வாயைக் கிளறணும்."

அன்று இடைவேளையில் விதைச் சுத்தம் செய்யும் அறையில் மூவரும் டப்பாக் காப்பி குடித்துக்கொண்டிருந்தோம். நுமாதா டப்பாவைச் சுழற்றியபடி, யாருக்கோ சொல்கிற மாதிரி ஆரம்பித்தாள்.

"எங்க பக்கத்து வீட்டுக்காரரு இந்த வருஷம் வயல்ல சாம்பல் ஜாஸ்தியா போட்டுட்டாராம். புல்லு என்னமா வந்திருக்கு தெரியுமா அன்ஸாய்-சான்? சாம்பல் ரொம்ப நல்ல சாமான், இல்ல?"

அன்ஸாய்-சான் காப்பியைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்த்தார்.

"போடறவங்க மனசு எனக்குப் புரியுது நுமாதா-சான்" என்றார் மெதுவாக. "கெட்ட எண்ணத்துல யாரும் போடறதில்ல. ஆனா போடக்கூடாத இடத்துல போட்டா, அதுக்கப்புறம் அந்தப் புல்லுக்கு மரியாதை இல்ல. அவ்வளவுதான். இதைப் பத்தி இனிமே பேச வேணாம். யார்கிட்டயும்."

சொல்லிவிட்டு எழுந்து, அவளுக்கு லேசாகக் குனிந்து வணங்கிவிட்டு வெளியே போனார்.

நுமாதா என் பக்கம் திரும்பினாள். வெற்றி பெற்ற முகம் இல்லை அது. கன்னம் வெளுத்திருந்தது.

"கேட்டியா? ஒத்துக்கிட்டாரு. என்னை வாயை மூடிட்டு இருக்கவும் சொல்லிட்டாரு."

"ஆமா" என்றேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

அவள் தலைவரிடம் போகவில்லை. போவதற்குத் தேவையே ஏற்படவில்லை. மறுநாள் காலையில் அன்ஸாய்-சானே தலைவரின் அறைக்குள் போனார். கதவு திறந்துதான் இருந்தது. நானும் நுமாதாவும் ஆளுக்கொரு வேலையைப் பிடித்துக்கொண்டு வெளியில் நின்றோம்.

"ஏழாம் எண்ணைத் திரும்ப எடுத்துக்கறேன் தலைவரே."

"என்னது? அதுதானே முதல்ல வந்திருக்கு! நானே போய்ப் பார்த்தேனே, பச்சைப்பசேல்னு!"

"சோதனை நடத்தினதுல தப்பு. என் தப்புதான். அந்த அளவுகளை வெச்சு எதுவும் சொல்ல முடியாது."

"என்ன தப்புன்னு எழுதிக் குடுங்க, மேலிடத்துலேருந்து ஆள் வந்து விசாரிக்கட்டும்."

"விசாரணை எல்லாம் வேணாம். என் தப்புன்னு சொல்லிட்டேனே. பாத்தியை உழுதுடலாம்."

தலைவர் சிணுங்கினார், அதட்டினார், மேசையைத் தட்டினார். அன்ஸாய்-சான் அசையவில்லை. வெளியே வந்தவர் என்னைப் பார்த்து, "கிதோ, மண்ணு கொஞ்சம் காஞ்சதும் அந்த மூணு பாத்தியையும் உழுதுடு" என்றார். பிறகு நுமாதாவிடம், "கண்ணாடிக் கொட்டகையில இருக்கிற ஏழோட தாய்ச்செடி எல்லாத்தையும் எருக்குழியில போட்டுடுங்க. இடத்தை அடைச்சுட்டு எதுக்கு" என்றார்.

தாய்ச்செடிகள் என்றால் பன்னிரண்டு வருஷமாகக் கழித்துக் கழித்து மிஞ்சியவை. ஏழின் விதை அவற்றிலிருந்துதான் வந்தது. அவை போனால் ஏழு என்று ஒன்று உலகத்தில் கிடையாது. நாங்கள் மூவருக்கும் அது தெரியும்.

உழுதேன். ஈர மண் சக்கரத்தில் அப்பிக்கொண்டு வந்தது. மூன்று சின்னப் பாத்தி, ஒரு நாழிகைகூட ஆகவில்லை. முழங்கால் வரப்போகிற பச்சைப் புல், நுனியில் பனித்துளியோடு, கத்திக்கு அடியில் மடிந்து மண்ணுக்குள் போனது. வண்டியை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அன்ஸாய்-சான் மேல் எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஏன் அய்யா இப்படிச் செய்தீர், தோற்றிருந்தால் தோற்ற புல்லாகவாவது இருந்திருக்குமே.

"மனசாட்சி உறுத்திருச்சு, உழச் சொல்லிட்டாரு" என்றாள் நுமாதா. ஆனால் அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கவே இல்லை.

மே நடுவில் பார்வை நாள். வருஷத்துக்கு ஒருமுறை சுற்றுவட்டாரப் பால் பண்ணைக்காரர்களும் கூட்டுறவுச் சங்கத்துக்காரர்களும் வந்து புல் ரகங்களைப் பார்ப்பார்கள். பிறகு கொட்டகையில் செம்மறி இறைச்சி சுட்டுச் சாப்பிடுவார்கள். உண்மையைச் சொன்னால் பாதிப் பேர் இறைச்சிக்காகத்தான் வருகிறார்கள். அந்த வருஷமும் வந்தார்கள். தலைவர் ஹிசாகா மெருகேற்றிய தோல் காலணி போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். அன்ஸாய்-சான் கூட்டத்தின் கடைசியில். நானும் நுமாதாவும் அதற்கும் பின்னால்.

உழுத பாத்தி ஒன்றுக்கு முன்னால் வந்ததும் ஒரு விவசாயி நின்றார். கைகா என்று பெயர், பெரிய உடம்பு, நூறு மாடு வைத்திருக்கிறவர்.

"இது என்ன தலைவரே, இங்க மட்டும் பல்லு விழுந்த மாதிரி?"

தலைவரின் முகம் விழுந்தது. "ஏழுன்னு ஒண்ணு இருந்துது. உங்களுக்கெல்லாம் அதைத்தான் காட்டணும்னு நெனச்சேன். அதிலே ஏதோ தப்புன்னு அன்ஸாய் எடுத்துட்டாரு. எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? நீங்க நின்னு பார்க்க நானே இடமெல்லாம் தயார் பண்ணி வெச்சிருந்தேன்."

"தயார்னா?"

"மே மாசத்துலகூட இங்க பனியும் சகதியுமா இருக்கும்னு சப்போரோவில பயமுறுத்தினாங்க. விருந்தாளிங்க கால் நனையக்கூடாதில்லையா? உங்க ஊர்ல சாம்பல் தூவினா பனி சீக்கிரம் போகும்னு கேள்விப்பட்டேன். நம்ம ஆபீஸ் கணப்புச் சாம்பலை மார்ச்சுல நானே வாளி வாளியா கொண்டுவந்து ஏழாம் நம்பர் முளை எங்கெல்லாம் இருக்கோ அங்கெல்லாம் வட்டமா கொட்டிவெச்சேன். காலைல யாரும் வர்றதுக்கு முன்னாடி. உங்களுக்கு ஒரு ஆச்சரியமா இருக்கட்டும்னு."

கைகா தன் காலைப் பார்த்தார். சுற்றியிருந்தவர்கள் காலையும் பார்த்தார்.

"நாங்க எல்லாம் ரப்பர் பூட்ஸ்தானே போட்டிருக்கோம் தலைவரே."

கூட்டம் சிரித்தது. தலைவரும் சிரித்தார், என்ன செய்துவிட்டோம் என்று கொஞ்சமும் தெரியாமல். "அப்படியா, அப்படியா" என்று தலையைச் சொறிந்துகொண்டு அடுத்த பாத்திக்கு அவர்களை அழைத்துக்கொண்டு போனார். இறைச்சி சுடும் வாசனை கொட்டகைப் பக்கமிருந்து வந்தது.

நாங்கள் மூவரும் நகரவில்லை.

அன்ஸாய்-சான் மெதுவாகத் திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, நுமாதாவைப் பார்த்தார்.

"அப்ப... நீங்க போடலையா?"

"நானா?" என்றாள் நுமாதா. "நான் எதுக்குப் போடறேன்?"

"உங்க கார்ல சாம்பல் மூட்டை இருந்துது. ஏழு எந்திரிக்கலன்னா காதைத் திருகி எழுப்பறேன்னு விருந்துல சொன்னீங்க. பாத்தியில சாம்பலைப் பார்த்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு... புரிஞ்சுபோச்சுன்னு நெனச்சேன். எனக்காக இவ்வளவு பண்ணியிருக்காங்களேன்னு. விசாரணைன்னு வந்தா உங்க வேலைதான் முதல்ல போகும். அதான் என் தப்புன்னு சொல்லிட்டேன்."

நுமாதா சொன்னாள், நெற்றிக்கு நேரே அடித்த மாதிரி.

"நான் உங்களைத் திருடன்னு நெனச்சேன்."

அவர் கண் உழுத பாத்தியின் மேல் போனது.

"சாம்பலைக் கொட்டி ஊரை ஏமாத்தறீங்கன்னு நெனச்சேன். இவன்கிட்ட சொன்னேன். தலைவர்கிட்டயும் சொல்லியிருப்பேன். ஒரு மாசமா உங்க கையை, காலைப் பார்த்துட்டே இருந்தேன். நீங்க என்னை..." அவள் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நீங்க என்னை நல்லவள்னு சந்தேகப்பட்டிருக்கீங்க."

"போகட்டும் விடுங்க" என்றார் அன்ஸாய்-சான். "யார் போட்டிருந்தாலும் ஏழு நல்லா வந்துதா இல்லையான்னு இனிமே சொல்ல முடியாது. எனக்கு அதுதான்..." அவர் உழுத மண்ணைக் காலால் தட்டிச் சமன் செய்தார்.

நுமாதா திடீரென்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "ஓரம்! டேய், அந்த ஓரம்!"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"சாம்பல் மரமுளைப் பக்கந்தான் விழுந்துது" என்று அவரிடம் கத்தினாள், திட்டுகிற குரலில். "வட்டமா. பாத்தி பூராவும் இல்ல. மறு ஓரத்துல துளி கிடையாது. நான் மண்ணைக் கிளறிப் பார்த்திருக்கேன், மூணு பாத்தியிலயும். அங்கயும் புல்லு அதே உயரம். அதே உயரம் அன்ஸாய்-சான்! நீங்க உரம் போட்டிருக்கீங்கன்னு நெனச்சேன். போட்டீங்களா?"

"இல்ல."

"அப்ப அது யாரு எழுப்பினது? தானா எந்திரிச்சுது! உங்க புல்லு தானா எந்திரிச்சுது!"

அன்ஸாய்-சான் உழுத மண்ணின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார். இரண்டு கையையும் மண்ணில் வைத்துக்கொண்டார். அவர் முதுகு குலுங்கியது. நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, "இப்பத் தெரிஞ்சு என்ன பிரயோஜனம்" என்றார். "பாத்தியும் போச்சு, தாய்ச்செடியும் போச்சு."

"பாத்திதான் போச்சு" என்றாள் நுமாதா.

அவர் நிமிர்ந்தார்.

"தாய்ச்செடியை எருக்குழியில போடச் சொன்னீங்க. நான் போடல. தடயத்தை அழிக்கப் பார்க்கறாருன்னு நெனச்சேன். என்னைக்காவது விசாரணை வந்தா, சாம்பல் இல்லாம ஏழு மந்தம்னு காட்டி உங்களை மாட்டிவிட ஆதாரம் வேணும்ல? ராத்திரியோட ராத்திரியா யாராவது தூக்கிடக்கூடாதுன்னு டிராக்டர் கொட்டகைக்குப் பின்னாடி, பழைய ஏர்களுக்கு நடுவுல ஒளிச்சு வெச்சிருக்கேன்."

அவள் முன்னால் நடந்தாள். நாங்கள் பின்னால் போனோம். துருப்பிடித்த ஏர்களுக்கும் சுவருக்கும் இடையில், தார்ப்பாயை விலக்கினால் தொட்டிகள் வரிசையாக இருந்தன. தார்ப்பாயின் ஓட்டை வழியே வெளிச்சம் வந்த பக்கமெல்லாம் பச்சை பீறிட்டு நின்றது. அன்ஸாய்-சான் ஒரு தொட்டியைத் தூக்கி மார்போடு வைத்துக்கொண்டார்.

"இதிலேருந்து விதை எடுத்து மறுபடி விதைச்சு, அளந்து... நான் அடுத்த மார்ச்சுல போயிடுவேன் நுமாதா-சான்."

"நான் எங்க போறேன்? அந்தத் தோல் செருப்புக்காரரை எனக்கு மட்டும் ஒழுங்கா கையெழுத்துப் போடச் சொல்லுங்க. நான் அளக்கறேன். ஒரு இலை கூடுதலா வந்தாலும் யார் போட்டதுன்னு கேட்பேன்."

அவர் தொட்டியின் மண்ணில் விரலை வைத்துப் பார்த்தார். ஈரமாக இருந்தது.

"தினமும் தண்ணி ஊத்தினீங்களா?"

"பின்னே?" என்றாள் நுமாதா. "செத்துப்போனா அது ஆதாரம் ஆகுமா?"

சொல்லிவிட்டு ஏரின் மேல் உட்கார்ந்து, முகத்தைக் கையுறையால் மூடிக்கொண்டு அழுதாள்.